கடைசி வரியில் ப்ராசஸர்

அம்மாவின் பீரோவில் பட்டா நகலைத் தேடிக்கொண்டிருந்தேன். புடவைகளுக்கு அடியில், சாம்பலும் வெள்ளியும் கலந்த நிறத்தில் ஒரு உறை கையில் பட்டது. உள்ளே பழைய ரேஷன் அட்டை, எப்போதோ மீட்டு முடித்த நகைக்கடன் ரசீதுகள், அப்பாவின் நெசவாளர் சங்கப் பாஸ்புத்தகம். உறையின் மூலையில் பார்கோடும் மாடல் எண்ணும் அச்சடித்த ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டு வாங்கினால் அதைச் சுற்றி வரும் ஆன்டி ஸ்டேட்டிக் கவர்.

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. "கெட்டியா இருக்கு, ஈரம் ஏறாது" என்று சொல்லி அம்மா ஒன்றையும் தூர எறிய விடமாட்டாள். பெரியது பத்திரங்களுக்கு, சின்னது ஊசி நூலுக்கு, ராம் வரும் நீளக் கவர் ஜரிகைத் துண்டுகளுக்கு. உறையை முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது. ஆனால் புது போர்டைக் கவரிலிருந்து உருவும்போது எழும் பிசினும் ஈயப்பற்றும் கலந்த வாசனை எனக்கு இன்னும் தெரியும். அதை நினைத்துக்கொண்டே பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கட்டு முழுக்கத் தறி. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் மாலை நேரத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே கெட்டுப்போன மெஷின்களைப் பிரிக்க ஆள் வராத நாட்களில் நானே பிரித்துப் பார்க்க ஆரம்பித்து, பிறகு முறையாக ஹார்டுவேர் கோர்ஸும் படித்தேன். ஊரில் அப்போதுதான் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தன. கம்பெனிப் பெயர் போட்ட மெஷினுக்குக் கொடுக்கும் காசில் ஒரு அசெம்பிள்டு மெஷினும் பிரிண்டரும் சேர்த்து வாங்கிவிடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரை நம்பி வாங்குவது என்பதுதான் கேள்வி. காந்தி ரோடு பக்கம் அலுவலகம் வைத்திருந்த ஆடிட்டர் சார்தான் முதலில் என்னைக் கூப்பிட்டு, "நீயே பார்த்து வாங்கிக் கொடும்மா" என்றார். முப்பதாயிரத்தை ஒட்டிய பணம். எண்ணி எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, டைப்ரைட்டிங் கிளாஸ் நாளிலிருந்து இருந்த கைப்பையில் வைத்துக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன்.

அப்போது கோயம்பேடு பஸ் நிலையம் வரவில்லை. காஞ்சிபுரம் பஸ் பூந்தமல்லி வழியாகப் பாரிமுனை போகும். சென்ட்ரலில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து மவுண்ட் ரோட்டுக்குப் போனால் ரிச்சி தெரு. தெரு என்று பெயரே தவிர அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று நாலைந்து சந்துகள் சேர்ந்த சந்தை. வால்வு ரேடியோ காலத்திலிருந்து உதிரிபாகங்கள் விற்ற இடம். பிறகு டிவி, டேப் ரிக்கார்டர் என்று மாறி, கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. ரெசிஸ்டரைக் கைப்பிடி கணக்கில் விற்கும் பெரியவரும், மதர்போர்டைப் பெட்டி பெட்டியாக இறக்கும் இளைஞரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நடுவில் மானிட்டர்களை அடுக்கிக் கட்டிய மீன்பாடி வண்டி "ஓரம், ஓரம்" என்று வரும். சந்தையில் பெண்கள் அரிது. கையில் லிஸ்டோடு போனால், "யாருக்கும்மா வாங்குறீங்க, அண்ணன் வரலியா?" என்று கேட்பார்கள்.

மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த பாய் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. லிஸ்டை வாங்கிப் பார்த்தார். நான் எழுதிய முதல் வரி ப்ராசஸர். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். பத்திரிகை விளம்பரங்களும் அந்த வரிசையில்தான் இருக்கும். அவர் லிஸ்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன வேலைக்கும்மா?"

"ஆடிட்டர் ஆபீஸுக்கு, பாய்."

"ஆடிட்டரே உக்காந்து அடிப்பாரா?"

"இல்ல, ஒரு அக்கா இருக்காங்க. எல்லா என்ட்ரியும் அவங்கதான் போடுவாங்க."

"காலையிலேந்து சாயங்காலம் வரிக்கும் அவங்கதானே? அப்ப மெஷின் அவங்களுக்குத்தான். ஆடிட்டருக்கு இல்ல."

பில் புத்தகத்தைத் திருப்பி, ஒரு தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதினார். முதல் வரி யுபிஎஸ். அடுத்து மானிட்டர். அதற்கும் கீழே கீபோர்டு. பிறகு எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபினெட், ராம், ஹார்டு டிஸ்க், போர்டு. கடைசி வரியில் ப்ராசஸர்.

"எல்லாரும் மேலேந்து எழுதி வருவாங்க. கடைசியில காசு தீந்து கீபோர்டுக்கு இருநூறு ரூபா நிக்கும். நீ இப்பிடி எழுதிப் பழகு."

அந்தத் தாளை நான் வெகுகாலம் வைத்திருந்தேன். பாய் எழுதியதில் எனக்குப் பிடித்தது சிக்கனம் அல்ல. ஒரு மெஷினுக்கு முன்னால் நாள் முழுக்க உட்காரப்போகும் ஒருவரை, அவரைப் பார்க்காமலேயே முதல் கேள்வியில் கொண்டுவந்து நிறுத்தினார். அதன்பிறகு எந்த அலுவலகத்துக்கு மெஷின் சேர்க்கப் போனாலும், முதலாளியிடம் பேசிவிட்டு, நாற்காலியில் உட்காரப் போகிறவரிடமும் பத்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கண்ணாடி போட்டிருக்கிறாரா, இடதுகை ஆளா, டைப்ரைட்டிங் படித்தவரா, ஒரே விரலில் தட்டுகிறவரா, மேஜை எவ்வளவு உயரம், ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுக்கொள்வேன்.

யுபிஎஸ் ஏன் முதல் வரியில் வந்தது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் டியூப் லைட் விட்டு விட்டு எரியும். கணக்கு எழுதும் டேலி சாப்ட்வேரில் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், டேட்டா கெட்டு 'ரீரைட்' கொடுக்க வேண்டிவரும். அது முடியும்வரை அந்த அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். 500 விஏ யுபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி. பத்து நிமிஷம் தாங்கினால் போதும், சேமித்துவிட்டு அணைக்கலாம். அதைவிட எர்த் முக்கியம். பழைய வீடுகளை அலுவலகமாக மாற்றிய இடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலிலேயே, லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் தகரத்துக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் போகும், இரைச்சலை வடிகட்டுவதற்காக. எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியின் உடம்பில் 230-இல் பாதி வோல்ட் நிற்கும். மின்னோட்டம் சொற்பம்தான், ஆனால் புறங்கை பட்டால் சுருக்கென்று இருக்கும். "மெஷின் கடிக்குது" என்பார்கள். மெஷினில் கோளாறு ஒன்றும் இருக்காது. கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுக் குழாய் இறக்கி, எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் கொடுத்த பிறகுதான் மெஷினையே கொண்டு போவேன் என்று பிடிவாதமாகச் சொல்வேன். கோடையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது, வாசல் தெளிப்பது மாதிரி அந்த அலுவலகங்களில் ஒரு வேலையாகிப் போனது.

மானிட்டர் என்றால் அப்போது பதினைந்து அங்குலப் பிக்சர் ட்யூப். எதை வாங்கினாலும் விண்டோஸ் 98 அதை 60 ஹெர்ட்ஸில்தான் ஓட்டும், யாரும் மாற்றமாட்டார்கள். திரை நொடிக்கு அறுபது முறை மினுங்குவது நேராகப் பார்த்தால் தெரியாது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். சாயங்காலம் தலைவலி என்று தைலம் தடவிக்கொள்ளும் பெண்களை எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். செட்டிங்ஸில் போய் 85 ஹெர்ட்ஸ் ஆக்கிவிட்டால் திரை அசையாமல் நின்றுவிடும். சில மானிட்டர்கள் 800-க்கு 600 அளவில் மட்டுமே அதைத் தாங்கும், அதற்கு மேல் போனால் 60-க்கு இறங்கிவிடும். அதனால் கடையிலேயே மெஷினில் மாட்டி, ஓடவிட்டு, முகத்தைத் திருப்பி நின்று பார்த்துத்தான் வாங்குவேன்.

கீபோர்டு விஷயத்தில் எனக்கே ஒரு பற்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. ரெமிங்டனில் விரல் பழகியவள் நான். விரல் அழுத்தும்போது எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிய வேண்டும். டிவிஎஸ் கோல்டு அப்படிப்பட்டது. ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனி மெக்கானிக்கல் ஸ்விட்ச், கிளிக் கிளிக்கென்று ஓசை. சாதாரண கீபோர்டைப் போல ஐந்தாறு மடங்கு விலை. ஆடிட்டர் ஆபீஸ் அக்கா இடதுகையால் வவுச்சரைப் புரட்டிக்கொண்டே, வலதுகையால் எண் பட்டையைப் பார்க்காமல் அடிப்பார். மார்ச் மாதக் கடைசியில் அந்த அறைக்குள் நுழைந்தால் தறி ஓடும் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். மெஷினை அவர்கள் இரண்டு முறை மாற்றினார்கள். கீபோர்டு மட்டும் அதுவேதான். பச்சையும் ஊதாவுமாக பிஎஸ்-2 துளைகள் போன பிறகு, மாற்றுப்பின் மாட்டி அதையே ஓட்டினார்கள்.

ப்ராசஸர்தான் பெரிய சண்டை. ஆடிட்டர் சாருக்குப் பென்டியம் த்ரீ வேண்டும்; அவருடைய நண்பர் அலுவலகத்தில் வந்துவிட்டது. செலரான் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு ஊரில் இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 1998-இல் முதலில் வந்த செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே கிடையாது. ஆனால் அதே ஆண்டில் வந்த 300ஏ-யிலிருந்து 128 கேபி கேஷை ப்ராசஸருக்குள்ளேயே, அதன் முழு வேகத்தில் ஓடும்படி வைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் மாறவில்லை. கணக்கு எழுதும் மெஷினில் ப்ராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். வேகம் தட்டுவது வேறு இடத்தில். 32 எம்பி ராம் உள்ள மெஷினில் டேலியையும் எக்ஸெலையும் ஒன்றாகத் திறந்தால், ராம் போதாமல் ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். முகப்பில் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று ஓசை வரும். சென்டரில் இருந்த மெஷின் ஒன்றில் அந்த விளக்கை ஆடிட்டர் சாருக்குக் காட்டினேன். பிறகு இன்னொரு ராமைச் செருகிக் காட்டினேன். விளக்கு அடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, செலரானே போடு, மிச்சத்துக்கு மெமரி போடு" என்றார். போர்டு இன்டெல் 810 சிப்செட். திரைக்கான கிராபிக்ஸ் சிப்செட்டிலேயே இருந்தது, தனி கார்டு வேண்டாம். அதில் மிச்சமான காசுதான் டிவிஎஸ் கோல்டாக வந்தது.

ராம் விலை என்று எழுதும்போது தைவான் பூகம்பம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1999 செப்டம்பர் 21. சிப் ஆலைகள் நின்றன. உலகமெங்கும் மெமரி விலை ஏறியது. ரிச்சி தெருவில் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. கொட்டேஷன் தாளில் "இன்று மட்டும்" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். எங்கோ கடல் தாண்டி மண் அசைந்ததற்கு, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்குவதை தைக்குத் தள்ளிப் போட்டார். பூகம்பத்தில் வீடிழந்தவர்கள் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "அவங்க பாடு எப்பிடியோ, நம்மளுது தள்ளிப்போனா என்ன" என்று அவரே சொன்னார்.

வாங்கியதை ஊருக்குக் கொண்டுவருவதுதான் பாடு. ப்ராசஸரும் ராமும் டிபன் பைக்குள். கேபினெட் மடியில். மானிட்டர் பெட்டிக்கு பஸ்ஸில் தனி இடம் வேண்டும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டு, "கண்ணாடியாம்மா? பின்னாடி வைக்காத, தூக்கிப் போடும்" என்று தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வார். ஸ்ரீபெரும்புதூர் வரை அதன்மேல் ஒரு கை வைத்தபடியே வருவார். அப்படியான கண்டக்டர்கள் பலரைப் பார்த்தேன்.

மெஷின் சேர்ப்பது எங்கள் வீட்டுத் தறி ஓரத்தில். அன்றைக்குப் பருத்திப் புடவைதான் கட்டுவேன். பட்டு நூலும் நைலெக்ஸும் உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறும். போர்டைத் தொடுமுன் எர்த் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸின் தகரத்தைத் தொட்டுவிட்டுத்தான் தொடுவேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். முதல் தடவையே எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். ஜரிகைக் கட்டைத் தூக்கி எடையில் தரம் சொல்கிறவர் அவர். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிவிட்டு, பாய் தனியாகக் கொடுத்ததையும் தூக்கினார். "இது கனமா இருக்கு, இதையே போடு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஸ்டிக்கரில் இரண்டுமே ஒரே வாட் எண்ணிக்கை. கனமானதில் வெப்பம் தாங்கும் அலுமினியப் பட்டை தடிமனாக, டிரான்ஸ்பார்மர் பெரிதாக, வடிகட்டும் சுருள்கள் முழுசாக இருந்தன. லேசானதில் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியைப் பாலம் போட்டு விட்டிருந்தார்கள்.

ஹார்டு டிஸ்க்கின் பின்னால் மாஸ்டர், ஸ்லேவ் என்று தீர்மானிக்க ஒரு ஜம்பர் இருக்கும், அரிசி முனை அளவு. என் கையிலிருந்து பாய் இடுக்கில் விழுந்தால் அப்பாதான் எடுத்துத் தருவார். இழை எண்ணிப் பழகிய விரல்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக்கோடு பவர் பின் பக்கம் வர வேண்டும் என்பதை ஒரு தடவை சொன்னேன். அப்புறம் நான் சொல்லாமலேயே, "சிவப்பு ஊடை அந்தப் பக்கம் போகுது பார்" என்பார். எல்லாம் மாட்டிய பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் உள்ள சிவப்பு ஸ்விட்ச் 230-இல் இருக்கிறதா என்று பார்த்து, யாரும் தெரியாமல் 115-க்குத் தள்ளிவிடாதபடி அதன்மேல் டேப் ஒட்டுவேன். தள்ளிவிட்டால் போட்ட கணமே வெடித்துவிடும். பிறகு பவர் பட்டன். மின்விசிறி சுழலும். வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். ஒரே ஒரு குட்டி 'பீப்'. ராம் சரியில்லாவிட்டால் நீளமாகக் கத்தும். ஒற்றை பீப் என்றால் எல்லாம் சரி. அம்மா அடுக்களையிலிருந்து, "வந்துடுச்சா?" என்பாள். அப்பா நாடாவைத் திரும்ப ஓட்ட ஆரம்பிப்பார்.

மெஷினை அலுவலகத்தில் இறக்குவதற்கு நல்ல நேரம் பார்ப்பார்கள். கேபினெட்டுக்கு சந்தனம் குங்குமம். டேலியில் கம்பெனி உருவாக்கியதும் முதல் என்ட்ரி போடுமுன் எங்காவது ஒரு இடத்தில் "லாபம்" என்று வர வேண்டும். பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதுவார்களே, அந்த வழக்கம். வர்ணனைக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அதை அடித்துக் கொடுப்பேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போகலாம். டெய்லரிடம் கொடுத்து மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் துணி உறை தைத்து வைத்திருப்பார்கள். சரிகைக் கரையோடு தைத்தவர்களும் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்து தூசி ஊதச் சொல்வார்கள். மவுஸின் அடிவயிற்றைத் திறந்து உருண்டையைக் கழுவி, உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்பேன். பிறகு பொரியும் கடலையும் ஒரு பை நிறைய. இப்போது அந்த அறைகளில் செருப்போடு போகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியைத் திறந்து தூசி தட்டும் வழக்கமும் கூடவே போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதும் ஐயா ஒருவருக்கும் மெஷின் சேர்த்தேன். அவருக்கு வேண்டியது வேறு. முத்திரைத்தாள் தடித்த காகிதம். வளையாமல் நேராகப் போகும் பிரிண்டர் வேண்டும், அதற்கு போர்டில் பேரலல் போர்ட் வேண்டும். டைப்ரைட்டர் வரிசையில் தமிழ் அடிக்கும் எழுத்துரு வேண்டும். சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு அந்த மெஷின் மத்தியானத்தில் தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், ப்ராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்களின் தட்டையான தலைகள் உப்பி, ஒன்றிரண்டில் பழுப்பாகக் கசிந்திருந்தது. 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் வந்த போர்டுகளில் உலகம் முழுக்க இந்த நோய் இருந்தது. உள்ளே ஊற்றிய எலெக்ட்ரோலைட் சரியில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் அதே அளவில், 105 டிகிரி தாங்கும் நல்ல கெபாசிட்டர்களாக வாங்கி வந்து, டிவி மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்து மாற்றினோம். ரெசிஸ்டரைக் கைப்பிடி கணக்கில் விற்ற அந்தப் பெரியவர் கடையில்தான் வாங்கினேன்.

பிறகு லேப்டாப் வந்தது, நான் பள்ளி வேலைக்குப் போனேன், பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் டிஸ்ப்ளே மாற்றும் கடை வந்தது. அப்பாவும் இல்லை. மெஷின் சேர்ப்பது எப்போதாவது சொந்தக்காரர்களுக்கு என்று சுருங்கிவிட்டது.

இந்த வருஷம் தம்பி மகள் வந்தாள். வீட்டிலிருந்தே பத்துப் பதினைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறாள். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று அவள் மாதம் அந்த இரண்டு தேதிகளில்தான் நிற்கிறது. அவளிடம் இருந்தது ஏழாம் தலைமுறை ஐ-3. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11 அந்த ப்ராசஸரை ஏற்றுக்கொள்ளாது. கடைக்காரர்களின் வங்கிக் கணக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் புழங்கும் மெஷினில் பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸை வைத்திருக்கக் கூடாது என்பதில் அவளுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. செல்போனில் ஒரு லிஸ்ட் காட்டினாள். முதல் வரி ப்ராசஸர். இரண்டாவது வரி கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில், விளக்கு எரியும் கீபோர்டு.

"காலைலேந்து எங்க வலிக்குது உனக்கு?" என்று கேட்டேன்.

"கழுத்துதான் அத்தை. போர்ட்டலுக்கும் எக்ஸெலுக்கும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அப்படியென்றால் முதல் செலவு இரண்டாவது மானிட்டர். ஏற்கெனவே இருந்ததற்குப் பக்கத்தில் 24 அங்குலம் ஒன்று, உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டோடு. யுபிஎஸ் இருந்தது, பேட்டரி மட்டும் மாற்றினோம். எஸ்எம்பிஎஸ் புதிது. ப்ராசஸர் ஐ-3 12100. அவள் லிஸ்டில் 12100எஃப் என்று இருந்தது, விலை குறைவு. அந்த எஃப் போட்டதில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே வராது. எஃப் இல்லாததை வாங்கி, கார்டு வரியை அடித்தோம். நாலு கோர் அவள் வேலைக்குத் தாராளம். வேகத்தில் உண்மையான மாற்றம் எஸ்எஸ்டி வந்தபோதே வந்துவிட்டது. சுழலும் தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியது போல ஒரு தாவலை நான் அலுவலக மெஷின்களில் வேறெப்போதும் பார்த்ததில்லை. அவளுடைய பழைய சாட்டா எஸ்எஸ்டியைப் பேக்கப்புக்கு ஒதுக்கிவிட்டு, புதிதாக 500 ஜிபி என்விஎம்இ போட்டோம்.

ராம் விலையைக் கேட்டபோது 1999 திரும்பி வந்த மாதிரி இருந்தது. இம்முறை பூகம்பம் இல்லை. ஏஐ சர்வர்களுக்காக மெமரி ஆலைகள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன, கடைக்கு வருவது குறைந்து விலை ஏறிவிட்டது. எச்610 போர்டுகளில் டிடிஆர்-4 போடுவதும் உண்டு, டிடிஆர்-5 போடுவதும் உண்டு. அவளுடைய பழைய மெஷினில் இருந்தது 8 ஜிபி டிடிஆர்-4. அதனால் டிடிஆர்-4 போர்டாகவே எடுத்து, பழைய ராமைக் கழற்றி இதில் போட்டு, இன்னொரு 8 மட்டும் புதிதாக வாங்கினோம். பழையது 2400 வேகம், புதியது 3200. இரண்டும் சேர்ந்து 2400-இல்தான் ஓடும். ஜிஎஸ்டி கணக்குக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கடைக்காரத் தம்பி டிடிஆர்-5 எடுக்கச் சொல்லி நிறையப் பேசினார். அவர் சொன்னது வருங்காலத்துக்குச் சரி. இவளுக்கு இந்த மாதம் 20-ஆம் தேதி இருக்கிறது.

கீபோர்டில்தான் நேரம் எடுத்தோம். கடையில் ஒவ்வொன்றாக எண் பட்டையில் அடித்துப் பார்க்கச் சொன்னேன். எண் பட்டையே இல்லாத சின்ன கீபோர்டுகள் இப்போது மோஸ்தர். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இன்வாய்ஸை அடிக்கச் சொன்னேன். நாலாவது கீபோர்டில் அவள் முகம் மாறியது. "இது நல்லாருக்கு அத்தை" என்றாள்.

வீட்டில் சேர்க்கும்போது அவளே எல்லாம் மாட்டினாள். ரிப்பன் கேபிள் இல்லை, ஜம்பர் இல்லை. எஸ்எஸ்டி ஒரே ஒரு திருகில் போர்டின்மேல் படுத்துக்கொண்டது. பீப் சத்தமும் இல்லை. போர்டின் ஓரத்தில் சின்ன விளக்குகள் எரிந்து அணைந்தன, திரை வந்தது.

போன வாரம் அவளுடைய சிநேகிதி, இன்னொரு கணக்காளர், கையில் ஒரு தாளோடு வந்தாள். அவளிடம் பழைய ராம் இல்லை. தாளைத் திருப்பி வைத்து, முதலில் அவள் மேஜையையும் ஜன்னலையும் பற்றிக் கேட்டேன். பிறகு அவளையே எழுதச் சொன்னேன்: யுபிஎஸ், மானிட்டர், கீபோர்டு. ராம் வரிக்கு வந்ததும், இப்போதைக்கு ஒரே ஒரு 8 ஜிபி போட்டுக்கொள், இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கட்டும், விலை இறங்கினால் வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்றேன். அவள் கீபோர்டுக்கு எழுதியிருந்த தொகையை அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் அதைப்போல் மூன்று மடங்கு எழுதிக் கொடுத்தேன்.